வாயாடிக்கு ஒரு நாவல்



போன மாதம் ஒரு வியாழக்கிழமை, விடிவதற்கு முன்பே அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்தேன். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். ஒரு நாட்டுக்கோழி வேண்டியிருந்தது. நம் சந்தையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டார்ச் லைட்டும் செல்போன் வெளிச்சமுமாக ஆட்டின் பல்லைப் பார்ப்பதும், சேவலைத் தூக்கி எடை பார்ப்பதும், டீக்கடையில் நிற்க இடமில்லாத கூட்டமும் எப்போதும் போலத்தான் இருந்தன. அங்கே ஒரு தாத்தா இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகளோடு நின்றார். கூடவே பத்து வயது மதிக்கத்தக்க பேத்தி. பள்ளிக்கூடச் சீருடை, அதன் மேல் அண்ணனுடையதாக இருக்கலாம், முழங்கால் வரை தொங்கும் ஒரு சட்டை.

மாட்டுச் சந்தைப் பழக்கத்தை இன்னும் விடாத பழைய தரகர் ஒருவர் துண்டை எடுத்துத் தாத்தாவின் கை மேல் போட்டார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது. பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியக் கூடாது என்பதுதான் அதன் சூட்சுமம். தாத்தா தலையை ஆட்டாமல் யோசித்துக்கொண்டிருந்தார். பேத்தி சட்டென்று குனிந்து, துண்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பிறகு சந்தைக்கே கேட்கும்படி சொன்னாள்:

“மாமா, மூணு வெரலத்தான் புடிக்கிறீங்க. கையில இன்னும் ரெண்டு இருக்குல்ல!”

சுற்றி நின்ற கூட்டம் வெடித்துச் சிரித்தது. தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வாயாடிக் கழுத, இத எவன் கட்டிக்கிட்டு மாரடிக்கப் போறானோ” என்றார். தாத்தா பேத்தியின் தலையில் ஒரு குட்டு வைத்தார். ஆனால் குட்டிகள் இரண்டும் நான்காவது விரலுக்கு மேலேதான் போயின என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தப் பிள்ளையின் நினைப்பிலேயே வீட்டுக்கு வந்தேன். கோழி வாங்க மறந்துவிட்டது.

அன்றைக்கே நம் வாசகி ஒருவர், கல்லூரியில் படிக்கிற பெண், அலுவலகத்துக்கு வந்தார். “ஒரு துடுக்கான பொண்ணு வளர்ந்து ஆளாகிற கதை, படிச்சா சிரிப்பு வரணும், அப்படித் தமிழ்ல நாவல் ஒண்ணு சொல்லுங்க மேடம்” என்றார். இருபது வருடமாக இந்த இதழாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வாயில் உடனே ஒரு பெயரும் வரவில்லை. கடைசியில் நான் சொன்ன பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது.

ஸ்கவுட். ஹார்பர் லீ எழுதி 1960-இல் வெளிவந்த ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலில் வரும் சிறுமி. அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தில், மேகோம்ப் என்ற கற்பனை ஊர். லீ பிறந்து வளர்ந்த மன்ரோவில் என்ற ஊர்தான் அதற்கு அச்சு. ஆறு வயதில் கதை தொடங்கும்போது ஸ்கவுட்டுக்குக் கவுன் பிடிக்காது. பையன்கள் போடுகிற மாதிரி கால்சட்டைதான். பள்ளிக்கூடத்தின் முதல் நாளே டீச்சரிடம் மாட்டிக்கொள்கிறாள். குற்றம் என்ன தெரியுமா? ஏற்கெனவே படிக்கத் தெரிந்திருந்தது. இனிமேல் அப்பா சொல்லித்தரக் கூடாது என்கிறார் டீச்சர். வகுப்பில் சாப்பாடு கொண்டுவராத ஏழைப் பையனைப் பற்றி டீச்சருக்கு எடுத்துச் சொல்லப் போய், உள்ளங்கையில் அடி வாங்குகிறாள். அந்த ஆத்திரத்தில் அந்தப் பையனையே மண்ணில் புரட்டி எடுக்கிறாள். பிறகு அண்ணன் ஜெம் அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வருகிறான். அவன் சோற்றுத் தட்டு முழுக்கப் பாகை ஊற்றுவதைப் பார்த்து வாயைத் திறந்ததற்கு அடுப்படியில் இன்னொரு பாட்டு கிடைக்கிறது.

பள்ளி விழாவில் பன்றித் தொடை இறைச்சியாக வேஷம் கட்டி, மேடைக்கு ஏற வேண்டிய நேரத்தில் தூங்கிப்போய், கடைசிக் கட்டத்தில் தனியாக மேடையேறுகிற காட்சியை எத்தனை தடவை படித்தாலும் சிரிக்காமல் இருக்க முடியாது. அந்த வேஷத்துக்குள் இருந்த கம்பிக்கூடுதான் அன்றிரவு அவள் உயிரைக் காப்பாற்றுகிறது. சிரிப்புக்காக வைத்த சாமானையே உயிர் காக்கவும் வைத்த கெட்டிக்காரி ஹார்பர் லீ. நாவலுக்கு 1961-இல் புலிட்சர் பரிசு. அடுத்த ஆண்டே படமாக வந்து, ஸ்கவுட்டாக நடித்த மேரி பேடம் என்ற சிறுமி பத்து வயதில் ஆஸ்கர் பட்டியலில் இடம்பிடித்தாள்.

சிரிப்பின் நடுவே ஒரு கறுப்பின மனிதன்மேல் பொய்க் குற்றம் சாட்டப்படுகிறது. அவனுக்காக வாதாடுவது ஸ்கவுட்டின் அப்பா. ஒரு ராத்திரி ஊர்க்கூட்டம் அவனைக் கொல்லச் சிறை வாசலுக்கு வருகிறது. அங்கே ஓடிப்போய் நின்ற ஸ்கவுட், கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றைக் கண்டதும், “உங்க பையன் என் கூடத்தான் படிக்கிறான், நான் கேட்டேன்னு சொல்லுங்க” என்கிற கணக்கில் பேச்சுக் கொடுக்கிறாள். அந்த ஆள் வெட்கப்பட்டுக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறான். ஒரு வாயாடியின் வாய், கொல்ல வந்த கூட்டத்தைத் திருப்பி அனுப்பிய இடம் அது.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நம்ம ஊர்ப் பொண்ணு கேட்டேன் மேடம்” என்றார்.

அதற்குப் பிறகுதான் யோசித்தேன். நம்மிடம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பஞ்சமா? அவர்களைத் திட்டுவதற்கு எத்தனை சொல் வைத்திருக்கிறோம்! வாயாடி, துடுக்கி, அடங்காப்பிடாரி, ராங்கிக்காரி, ஆட்டக்காரி, சிலுப்பட்டை. ஒல்லியாக இருந்து முழித்துப் பார்த்தால் தேவாங்கு. (நம் அய்யலூர் மலைக்காட்டுத் தேவாங்குக்காவது 2022-இல் கடவூர்ச் சரணாலயம் என்று 11,806 ஹெக்டேர் ஒதுக்கினார்கள். வாயாடிக்கு இன்னும் ஒன்றும் ஒதுக்கவில்லை.)

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பழமொழி இருக்கிறது: பொம்பள சிரிச்சாப் போச்சு, பொகையில விரிச்சாப் போச்சு. மற்ற ஊர்க்காரர்களுக்கு இதன் பின்பாதி வெறும் எதுகை. நமக்கு அப்படி இல்லை. நம் மண்ணே புகையிலை மண். திருச்சிச் சுருட்டு என்று உலகமெல்லாம் பேர் வாங்கியதே, ஷெர்லாக் ஹோம்ஸ் சாம்பலைப் பார்த்தே கண்டுபிடிக்கிறாரே, அந்தச் சுருட்டுக்கு இலை போனது திண்டுக்கல் சீமையிலிருந்து. ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை வைத்திருந்தது. வேடசந்தூரில் 1948 முதல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பதம் போட்ட புகையிலையைக் கட்டவிழ்த்துப் பரப்பிவிட்டால் காற்றுப் பட்டுக் காய்ந்து, காரமும் மணமும் போய்விடும் என்பது இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆகவே பழமொழியின் முன்பாதியையும் அதே உறுதியோடு நம்பிவிட்டோம். வேடிக்கை என்னவென்றால், வேடசந்தூர் நிலையம் உருவாக்கிய மெல்லும் புகையிலை ரகங்களின் பெயர்கள்: அபிராமி, மீனாட்சி, பாக்கியலட்சுமி! விரிக்கக் கூடாதது, சிரிக்கக் கூடாதது இரண்டையும் ஒரே பெயரில் முடித்துவிட்டார்கள்.

இந்தப் பழமொழியை எனக்குச் சொன்னது என் அப்பத்தா. சொல்லும்போது வாயில் புகையிலை இருக்கும். மிச்சத்தை முந்தானையில் இறுக்கி முடிந்திருப்பாள், ஒருநாளும் விரித்ததில்லை. ஆனால் சிரிப்பை அவளால் முடிந்துவைக்க முடியாது. திண்ணையில் அவள் சிரித்தால் தெருக்கோடி டீக்கடையில் ‘கிழவி ஆரம்பிச்சுட்டா’ என்பார்கள்.

அடுத்த நாள் அலமாரியைக் குடைந்தேன். மதுரை தாண்டி, வத்திராயிருப்புப் பக்கத்தில் இருக்கும் புதுப்பட்டிதான் முதலில் கைக்கு வந்தது. எழுத்தாளர் பாமாவின் ஊர். 1958-இல் பிறந்தவர். ஏழு வருடம் கன்னியர் மடத்தில் இருந்துவிட்டு, 1992-இல் வெளியே வந்து, அதே ஆண்டில் ‘கருக்கு’ எழுதினார். அது நாவலா, தன்வரலாறா என்று பேராசிரியர்கள் பேசிக்கொள்ளட்டும். நான் இந்தமுறை படித்தது, அந்தப் புத்தகத்தில் ஓடித்திரிகிற சிறுமியைத் தேடி. இத்தனை வருடம் ‘கருக்கு’ என்றாலே வலி, துயரம் என்று சொல்லிச் சொல்லி, அந்தப் பிள்ளை எவ்வளவு சிரிக்கிறாள் என்பதை மறந்தே போயிருந்தேன்.

மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிட நடை. அவளுக்கு அரை மணி, ஒரு மணி நேரம் ஆகிறது. ஏன் ஆகாது? வழியில் குரங்காட்டி இருக்கிறான், பாம்பாட்டி இருக்கிறான், நாள் கணக்கில் இறங்காமல் சைக்கிள் ஓட்டுகிற ஆள் இருக்கிறான். காப்பிக் கடையில் உயரத் தூக்கி ஆற்றுகிறார்கள். வெங்காயம் நறுக்குகிறவர் கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நறுக்குகிறார். ஊசி பாசி விற்கிறார்கள். இவ்வளவையும் பார்க்காமல் வீட்டுக்குப் போகிறவள் பிள்ளையா?

அப்படி ஒருநாள் களத்துமேட்டில் அந்தக் காட்சியைப் பார்க்கிறாள். தெருவில் எல்லாரும் மதிக்கிற பெரியவர் ஒருவர் கடைத்தெருவிலிருந்து வருகிறார். கையில் எண்ணெய் ஊறிய பொட்டலம், வடையோ பஜ்ஜியோ. பொட்டலத்தைக் கையில் பிடிக்காமல், கட்டியிருக்கிற நூலை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார். இப்படிப் பிடித்தால் அவிழ்ந்து விழாதா என்று பிள்ளைக்கு வேடிக்கை. பெரியவர் நேரே முதலாளியிடம் போய்க் குனிந்து, நூலைப் பிடித்த கைக்கு மறு கையால் முட்டுக் கொடுத்து நீட்டுகிறார். முதலாளி பிரித்துத் தின்கிறார். இவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் அண்ணனிடம் நடித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

அண்ணன் சிரிக்கவில்லை. அவர் ஏன் அப்படித் தூக்கிக்கொண்டு போனார் என்று சொல்கிறான். கை பட்டால் தீட்டு.

பிள்ளையின் சிரிப்பு அதோடு நின்றுபோகிறது. எட்டு வயதில் ஆளாகிவிட்டாள்.

ஸ்கவுட்டுக்கு ஜெம் மாதிரி இவளுக்கும் ஓர் அண்ணன். ஆனால் ஸ்கவுட்டின் சிரிப்பு அநியாயத்தை வெளியே நின்று பார்க்கிற வீட்டிலிருந்து வருகிறது. வழக்கில் நிற்கிறவன் வேறொருவன். புதுப்பட்டிப் பிள்ளை தான் எதைப் பார்த்துச் சிரித்தாளோ அதற்குள்ளேயே தானும் இருக்கிறாள் என்று கண்டுபிடிக்கிறாள். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. என்னைக் கேட்டால் புதுப்பட்டிப் பக்கம்தான் தட்டு இறங்கும்.

லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2000-இல் வந்த ‘கருக்கு’ கிராஸ்வேர்டு விருது வாங்கியது. இந்த வடைப் பொட்டலக் கதை என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றது. டெல்லிப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். நம் வாசகிக்கு என்னால் உடனே சொல்ல முடியவில்லை.

பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன். 2024 நவம்பரில் நம்மைவிட்டுப் போன ஆய்வாளர். அவர் எழுதிய ‘சிலுவைராஜ் சரித்திரம்’ 2002-இல் வந்தது. தமிழில் ஒரு பையன் வளர்ந்து ஆளாகிற கதையை இவ்வளவு நையாண்டியோடு, தன்னையே கிண்டலடித்துக்கொண்டு சொன்ன நாவல் வேறு எது என்று எனக்குச் சட்டென்று தோன்றவில்லை. ஒரே வீடு, ஒரே தெரு, ஒரே சாதிக் கொடுமை. அண்ணன் எழுதும்போது சிலுவைராஜ் பக்கம் பக்கமாகக் கிறுக்குத்தனம் செய்துகொண்டே வளர்கிறான். பையனின் கிறுக்குத்தனத்துக்கு ஊரில் இடம் இருக்கிறது. ‘ஆம்பளப் பய அப்படித்தான்’. தங்கையின் புத்தகத்தில் அந்த இடம் சுருங்கிக்கொண்டே போகிறது.

ஆனாலும் பாமா விடவில்லை. 1994-இல் வந்த ‘சங்கதி’யை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வாசகி கேட்டதற்கு மிகப் பக்கத்தில் வருவது அதுதான் என்பது என் முடிவு. ஒரு பொண்ணு இல்லை, ஒரு தெருவே வாயாடுகிறது. பேத்திக்குக் கதை சொல்கிற வெள்ளையம்மாக் கிழவி, புருசன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பாததால் ஒருநாள் தாலியைக் கழற்றிவிட்டுப் பிழைப்பைப் பார்த்தவள். சின்ன வயதிலேயே தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற மைக்கண்ணி வருகிறாள். சிறுசுகள் ஆடுகிற அப்பா அம்மா விளையாட்டில் புருசன் குடித்துவிட்டு வந்து அடிக்கிற கட்டமும் உண்டு. படிக்கிற நமக்குச் சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது. எல்லாம் பேச்சு மொழியில், ஒரு வசவையும் கழுவித் துடைக்காமல். வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் விடியற்காலையில் மில் பஸ்ஸில் போகிற பெண்கள் பேசிச் சிரிப்பதை ஒருநாள் காது கொடுத்துக் கேட்டுவிட்டு ‘சங்கதி’யைப் படியுங்கள். 1996-இல் அவர் போட்ட சிறுகதைத் தொகுப்புக்குப் பெயர் ‘கிசும்புக்காரன்’. கிசும்பு என்றால் குறும்பும் குசும்பும் கலந்தது. ‘கிசும்புக்காரி’ என்று ஒரு புத்தகம் வந்திருந்தால் எனக்கு வேலை மிச்சம்.

நமக்கு இன்னும் பக்கத்து ஊர்க்காரர் சல்மா. மணப்பாறைக்கு அந்தப் புறம், துவரங்குறிச்சி. ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004-இல் வந்தது. அதில் வருகிற ராபியா தோழிகளோடு வீட்டுக்குத் தெரியாமல் சினிமாவுக்குப் போய் மாட்டிக்கொண்டு அடி வாங்குகிறாள். தொடக்கத்தில் அந்தப் பிள்ளைகளின் கூத்தைப் படிக்கும்போது சிரிப்பு நாவலாகத்தான் போகும் போலிருக்கிறது. போகவில்லை. வயது ஏற ஏறக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. சல்மாவின் படிப்பும் அந்த வயதில்தான் நின்றது. அவர் 2001-இல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவராகி, 2025-இல் மாநிலங்களவைக்கே போனார் என்பது, கதவு சாத்தியவர்களுக்கு அவர் சொன்ன பதில்.

இங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஆங்கிலத்தில் இந்த வகை நாவலுக்கு ‘கமிங் ஆஃப் ஏஜ்’ என்று பெயர். தமிழில் அப்படியே ‘வயசுக்கு வந்த கதை’ என்று அட்டையில் போட்டுப் பாருங்கள். வாசகருக்கு நாவலா ஞாபகம் வரும்? பந்தல், மைக்செட், தாய்மாமன் சீர், முச்சந்தியில் பிளெக்ஸ் பேனர்! ஸ்கவுட் வயசுக்கு வருவது அவள் உலகத்தைப் புரிந்துகொள்வது. நம் பிள்ளை வயசுக்கு வந்தால் உலகம் அவளைப் பற்றிப் புரிந்துகொள்கிறது, ஊர் முழுக்கப் பத்திரிகை அடித்து. அதோடு ‘இனிமே மரத்துல ஏறாத, சத்தமாச் சிரிக்காத’. சிரிப்பு நாவல் எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே முடிந்துவிடுகிறது. அம்பை தன் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதையில் அந்த ஒரு நாளைத்தான் எழுதியிருப்பார். 1976-இல் வந்த ‘சிறகுகள் முறியும்’ தொகுப்பில் இருக்கிறது. அம்மாவின் மடிக்காகக் காத்திருந்த பெண்ணுக்கு அம்மா வாயிலிருந்து வருவது ஒரு சுடுசொல். தலைப்பில் இருக்கிற கொலை எது என்று படித்தவர்களுக்குத் தெரியும்.

பழியை எல்லாம் ஊர் மேலே போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. சில வருடங்களுக்கு முன்பு நம் இதழுக்கு ஒரு கதை வந்தது. வண்டிக் கருப்பணசாமி கோயிலுக்குக் கிடா வெட்டப் போகிற குடும்பம். வீட்டுப் பிள்ளை அந்தக் கிடாவோடு சிநேகமாகி, வெட்டுகிற அன்று அதை அவிழ்த்து விட்டுவிட்டு, ‘கருப்பன்தான் கயித்த அவுத்தான், நான் பாத்தேன்’ என்று சாமி வந்தவள் மாதிரி ஆடுகிறாள். படித்து நான் மேஜையில் தட்டிச் சிரித்தேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆசிரியராகிவிட்டேன். ‘கதை நன்று. ஆனால் கடைசியில் அந்தப் பெண் தவற்றை உணர்வதாக ஒரு பத்தி சேர்த்தால் பிரசுரிக்கலாம்’ என்று எழுதிப் போட்டேன். அவர் திருத்தி அனுப்பவில்லை. வேறு கதையும் அனுப்பவில்லை. அப்பத்தா இருந்திருந்தால் என் தலையில் குட்டியிருப்பாள்.

அதனால் இந்தப் பொங்கல் மலரை வாயாடிகளுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். கதையோ, நினைவுக் குறிப்போ, நாவலின் ஓர் அத்தியாயமோ, எதுவானாலும் சரி. உங்கள் கதையாக இருக்கலாம், உங்கள் அம்மாயியின் கதையாக இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கதையாகவும் இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றால் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள். வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே எழுதுங்கள். கோடு போட்ட நோட்டில் பேனாவால் எழுதி அனுப்பினாலும் வாங்கிக்கொள்வோம். முடிவில் அவளுக்குக் கல்யாணம் செய்து வைக்க வேண்டாம். திருத்தவும் வேண்டாம். திருத்தாமல் அனுப்பியதற்காக எந்தக் கதையும் இந்தமுறை திரும்பி வராது.

கிடாக் கதை எழுதியவர் இதைப் படிக்க நேர்ந்தால், உங்கள் கதையை அன்றைக்கு வந்தபடியே போட விரும்புகிறேன். பிரதி உங்களிடம் இல்லாவிட்டால் என்னிடம் இருக்கிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை.

மார்கழி பாதிக்குள் அனுப்பிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் போன் செய்யலாம். வியாழக்கிழமை காலையில் மட்டும் வேண்டாம். நான் சந்தையில் இருப்பேன். அந்தக் கோழியை இன்னும் வாங்கவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்